கோஸ்லேன் பிரபு மண்டியிட்ட நாள்

அறுவடை முடிந்து தானியம் களஞ்சியத்துக்குள் போன கையோடு எங்கள் பிரபு கோஸ்லேன் சண்டைக்குக் கிளம்புவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இத்தியே பிரபுவின் கோட்டை. நடுவில் ஓர் ஓக் காடு. அது யாருடையது என்பதுதான் தகராறு. நாங்கள் போய் அவர்களுடைய மாவு ஆலையைக் கொளுத்துவோம்; அவர்கள் வந்து எங்கள் வைக்கோலைக் கொளுத்துவார்கள். அந்தக் காட்டில் பன்றி மேய்க்க இரண்டு ஊரிலும் ஒருவனுக்கும் தைரியம் கிடையாது.

லாயம் என் பொறுப்பு. பிரபுவுக்கு இரும்புச் சட்டை மாட்டிவிடுவதும் நான்தான். அந்த வருஷம் சட்டையை எடுத்துப் போனபோது, தூக்கிய கையைப் பாதியிலேயே இறக்கிவிட்டார்.

"வேண்டாம் ஒதோன். தோள் தாங்காது."

"கொஞ்சம் தளர்த்திக் கட்டறேன் பிரபு."

"தளர்த்தினா இரும்பு பஞ்சாயிடுமா? வச்சிடு."

பிரபுவின் மனைவி, சீமாட்டி அல்மோதிஸ் உள்ளே வந்தார். "ஆளுங்க முற்றத்துல காத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க இன்னும் சட்டைகூட மாட்டல."

"நான் போகல. இந்த வருஷம் மட்டும் இல்ல, இனிமேலும் போகல."

"என் தம்பி அந்தக் காட்டுலதான் விழுந்தான். அப்ப அவன் செத்தது எதுக்கு?"

"யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன் அல்மோதிஸ். தெரியல."

சீமாட்டி வெளியே போய்விட்டார்.

பிரபு என்னை மட்டும் கூட்டிக்கொண்டு, கம்பளி அங்கியோடு குதிரையில் ஆற்றைக் கடந்தார். இத்தியேவின் மதில் மேல் வில்லாளிகள் நாணை இழுத்தபடி நின்றார்கள். நான் என் குதிரையின் கழுத்தோடு குனிந்துகொண்டேன். பிரபு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இத்தியே போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "என்னய்யா, வழி தவறிட்டியா? சட்டை எங்கே?"

"கனக்குது."

"எனக்கும்தான். போன வருஷம் உன் வைக்கோலைக் கொளுத்த வந்தப்ப, குதிரை ஏற ரெண்டு பேர் என்னைத் தள்ளிவிட வேண்டியிருந்துச்சு. நல்லவேளை, நீ பார்க்கல."

"பார்த்தேன். ஓடி வந்து குத்தியிருக்கலாம். ஓடத்தான் முடியல."

இத்தியே சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமானது.

"காட்டை ரெண்டாப் பிரிச்சுக்கலாம்" என்றார் எங்கள் பிரபு.

"எனக்குச் சம்மதம். ஆனா என் மகன் என்னைக் கோழைன்னு சொல்வான். எல்லார் முன்னாலயும் நீ மண்டிபோட்டு, உன் பாதியை என் கையால வாங்கிக்கிட்டதாவும், அதுக்கு நீ எனக்குக் கட்டுப்பட்ட ஆள்னும் சத்தியம் பண்ணு. அவன் வாயை அடைச்சிடலாம்."

குதிரையைத் திருப்பிவிடுவார் என்றே நினைத்தேன். எல்லாப் பிரபுக்களுக்கும் மேலான கோமகனைத் தவிர யார் முன்னும் மண்டியிடாத வம்சம். அவர் தரையைப் பார்த்தார்.

"கல்லு ஜில்லுன்னு இருக்கும். கீழே ஏதாவது போடச் சொல்லு."

கோட்டைக்குள் இருந்த சிறிய கோவிலில், புனிதர் ஒருவரின் எலும்பு வைத்த பேழைக்கு முன் மண்டியிட்டு, குவித்த கைகளை இத்தியேவின் கைகளுக்குள் கொடுத்துச் சத்தியம் செய்தார். பிறகு எழ முடியவில்லை. தூக்கப்போன இத்தியேவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தியேவின் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நம்ம அப்பன்களுக்கு ஏன்யா இந்தப் புத்தி வரல?" என்றார் இத்தியே.

"அவங்களுக்கு முட்டி நல்லா இருந்துச்சு."

திரும்பி வந்தபோது யாரும் வரவேற்கவில்லை. கொள்ளையில்லாத இடத்தில் என்ன வேலை என்று இளம் வீரர்கள் சிலர் வேறு பிரபுவைத் தேடிப் போனார்கள். ஒருவன் போகும்போது வாசலில் காறித் துப்பினான். சீமாட்டி சாப்பாட்டைத் தன் அறைக்கே வரவழைத்துக்கொண்டார். பிரபு யாருக்கும் சமாதானம் சொல்லவில்லை. பன்றிகள் மட்டும் காட்டுக்குள் போய்க் கொழுத்தன.

கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு நாள் சீமாட்டி லாயத்துக்கு வந்தார். "ஒதோன், குதிரைக்குச் சேணம் போடு. என் தம்பி விழுந்த இடத்தைப் பார்க்கணும்." பிரபுவும் கூடவே வந்தார்.

காட்டுக்குள் பிரபு வெகுநேரம் சுற்றிப் பார்த்தார். "இங்கேதான்னு நெனைக்கறேன். நிச்சயமாச் சொல்ல முடியல."

சீமாட்டி இறங்கி, ஈரச் சருகின் மேல் குளிரில் கை விறைக்கும்வரை நின்றார். பிறகு பிரபுவின் குதிரையருகே வந்து, அதன் கழுத்தில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"எனக்கும் அலுத்துப்போச்சு" என்றார்.

அன்று சீமாட்டி கூடத்துக்கு வந்து பிரபுவின் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தார். சூப் வருவதற்குள் பிரபு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். யாரும் எழுப்ப வேண்டாம் என்று சீமாட்டி கையைக் காட்டினார்.