சிட்டிபாபு வீட்டுத் தவளைகள்

என் மகள் தரணியை அவளுடைய மூன்றாவது வயதில்தான் முதன்முதலாகத் தூக்கினேன். நான் குவைத்துக்குப் போய்விட்டு வந்தவன் இல்லை. ரேணிகுண்டாவில், ஒரே அறையில், அவளுடைய தூளிக்கு எதிரேதான் அத்தனை நாளும் படுத்துக்கிடந்தேன்.

சத்தியவேடு பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். ரேணிகுண்டாவில் என் முதலாளி சிட்டிபாபுவின் நிலத்தைச் செல்போன் கம்பெனி ஒன்று வாங்கியது. திடீர்ப் பணம் பார்த்தவர்கள் கார் வாங்குவார்கள், எலெக்‌ஷனில் நிற்பார்கள். இந்தப் புண்ணியவான் தவளை வாங்கினார். தென் அமெரிக்கக் காட்டு ஜாதி, கட்டைவிரல் அளவு, நீல உடம்பில் கறுப்புப் புள்ளி. பன்னிரண்டு தவளைக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, ஏசி அறை, பார்த்துக்கொள்ள நான். சென்னையில் மீன் தொட்டிக் கடையில் இருந்தவன் என்று என்னைப் பிடித்துப் போட்டார். அப்போது என் மனைவி சுமித்ராவுக்கு ஆறாவது மாதம்.

பாட்டிலில் வாழைப்பழத்தை மசித்துப் பொடி ஈ வளர்க்க வேண்டும். அந்த ஈயைச் சத்துப் பொடியில் புரட்டித் தொட்டிக்குள் தட்ட வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் வடிகட்டிய தண்ணீர் தெளிக்க வேண்டும். தரணி பிறந்தது மே மாதம். எங்கள் தகரக் கூரைக்குக் கீழே அவளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. தவளைகள் இருபத்துநாலு டிகிரியில் சுகமாக இருந்தன.

சேர்ந்த அன்றைக்கே சிட்டிபாபு எச்சரித்திருந்தார். "ஒரு தவளை பத்து ஆளை சாகடிக்கும்டா. கிளவுஸ் இல்லாம தொட்டே, கையில ஏறின விஷம் ஜென்மத்துக்கும் இறங்காது."

கிளவுஸ் போட்டுத்தான் தொட்டேன். தரணி பிறப்பதற்கு முந்தின வாரம் கழற்றும்போது பார்த்தால் கட்டைவிரல் பக்கம் கிழிந்திருந்தது. எப்போது கிழிந்ததோ தெரியாது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரிய உடம்பு, தாங்கிவிட்டது என்று நினைத்தேன். பிஞ்சு உடம்பு தாங்குமா?

அன்றிலிருந்து ஸ்பூனில் சாப்பிட்டேன். திருமலையில் குழந்தைக்கு முதல் மொட்டை போட்டபோது என் மச்சான் மடியில் வைத்துக்கொண்டான்; மொட்டைத் தலையில் சந்தனம் பூசக்கூட நான் கை வைக்கவில்லை. ஒரு நாள் சுமித்ரா குளிக்கப் போயிருந்த நேரம் குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து உதடு கிழிந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்குப் பதில் கன்னத்தில் நான்கு அறை வாங்கியிருக்கலாம்.

வேலையை விட்டுவிடச் சொல்லி சுமித்ரா கெஞ்சினாள். ஏறின விஷம் இறங்காது எனும்போது விட்டு மட்டும் என்ன ஆகப்போகிறது? குழந்தை என்னிடம் தவழ்ந்து வரும்போதெல்லாம், "நைனா கையில விஷம்கீது, தொட்டா செத்துப்பூடுவே" என்று சொல்லச் சொன்னதே நான்தான். சுமித்ரா தினமும் சொன்னாள். சில நாள் அழுதுகொண்டே சொன்னாள்.

போன மாதம் நாகபூஷணம் என்று ஒருவர் தவளை பார்க்க வந்தார். திருப்பதியில் காலேஜில் விலங்கியல் நடத்துகிறவர். கையைக் கழுவி, ஈரக் கையோடு ஒரு தவளையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நான் அலறிவிட்டேன். அவர் சிரித்தார். காட்டில் அது தின்கிற எறும்பிலிருந்துதான் விஷம் சேருகிறது, தொட்டியில் பிறந்து வாழைப்பழ ஈ தின்கிறதற்கு ஏது விஷம் என்றார்.

பக்கத்தில் நின்றிருந்த சிட்டிபாபுவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"விஷம் இல்லேன்னு வாங்குறப்பவே சொன்னாங்க சார். இவன் கை உப்பும் அழுக்கும் பட்டா தவளை செத்துடுமாமே. வேற எப்பிடி இவனை கிளவுஸ் போட வைக்கிறது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிட்டிபாபு என்னைக் காபி கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

டம்ளரை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். தரணி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். விஷமே இல்லையாம், எப்போதுமே இருந்ததில்லையாம் என்று சுமித்ராவிடம் சொல்லிக்கொண்டே குழந்தையை வாரித் தூக்கினேன். இவ்வளவு கனமாக இருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

அவள் அழவில்லை. உடம்பு கட்டையாக விறைத்தது. மூச்சை அடக்கிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் முதுகைத் தடவினேன், பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே அம்மாவிடம் கேட்டாள்.

"யம்மா, நான் செத்துப்பூட்டனா?"