எட்டாவது விண்ணப்பம்

காலில் கட்டிய பேடில் பட்ட பந்து அப்படியே செத்து விழுகிறது, எகிறவில்லை, உருளவில்லை, கோல்கீப்பர் சீனிராஜின் காலடியில் ஈரத்துணி விழுவதுபோல விழுந்து கிடக்கிறது, கோவில்பட்டி மைதானம் முழுக்க ஓவென்று கத்துகிறது, எனக்குப் பதினாறு வயது, கையில் ஹாக்கி மட்டையோடு நடுக்கோட்டில் நின்று பார்க்கிறேன், அந்தப் பேடுக்குள் இருப்பது என் சைக்கிள் டியூப், காலையில் நானே வெட்டி உள்ளே திணித்துச் சாக்கு ஊசியால் தைத்தது, மாவட்ட இறுதிப் போட்டி, அடுத்த பந்தும் செத்து விழுகிறது, முப்பது வருடமாக இந்தக் காட்சி எனக்குள் இப்படித்தான் ஓடுகிறது, குளிக்கும்போது, சிக்னலில் நிற்கும்போது, சில நாள் அது நடந்ததா கனவா என்றுகூடத் தெரியாமல்.

சீனிராஜ் கம்ப்யூட்டர் படித்தான், சென்னையில் பெரிய கம்பெனியில் சேர்ந்தான், மின்சாரம் போனாலும் எழுதிக்கொண்டிருந்த தகவலை இழக்காத நினைவகம், கோடிக்கணக்கான கோப்புகளில் ஒன்றை நொடியில் தேடித் தரும் முறை, இப்படி ஏழு கண்டுபிடிப்பு, ஏழு காப்புரிமை, ஏழுக்கும் விண்ணப்பம் எழுதியவன் நான், கிண்டியில் சின்ன அலுவலகம் வைத்திருக்கும் காப்புரிமை முகவன், அவன் பாதி வாயாலும் பாதி கையாலும் சொல்வதை நான்தான் வரிவரியாக எழுத்தாக்குவேன், எது புதிது, எதுவரை அவனுக்கு உரிமை என்று வேலி கட்டுவதே என் தொழில், ஆனால் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவன் பெயர், கடைசிப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்து, ஐந்தாவது காப்புரிமை கிடைத்தபோது என் மனைவி பூரணி தோசை திருப்பிக்கொண்டே, சீனி அண்ணனுக்கு மட்டும் எப்படிங்க இதெல்லாம் தோணுது என்றாள், எனக்கு அந்தத் தோசை இறங்கவில்லை, ஏன் என்று அவளிடம் சொல்லவும் முடியவில்லை.

எட்டாவதை அவன் சாக்குப் பையில் கொண்டுவந்தான், ஒரு முற்பகல், ஏலே, இதப் போட்டுக் காட்டுதேன் பாரு என்று என் மேஜைக்கு முன்னால் நின்று காலில் பேடைக் கட்டிக்கொண்டான், நரைத்த தலை, தொப்பை, பந்தை எடுத்து எறிலே, நல்லா எறி என்றான், எறிந்தேன், பந்து அவன் காலடியில் செத்து விழுந்தது, பேடுக்கு உள்ளே ஏதோ துளைத்துளையான பஞ்சு, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு, அடியை வாங்கி உள்ளேயே பரப்பிவிடுமாம், பதினாலாம் தேதி நம்ம ஊர்ல பொம்பளப் பிள்ளைங்க மேட்ச்ல போட்டு ஆடுதாங்க, அதுக்கு முன்னால பதிஞ்சிரணும், ஊரு பாத்துட்டா புதுசுன்னு சொல்ல முடியாதுல்லா, அதான் நீ இருக்கியே என்றான், காபி வந்தது, குடித்தான், டியூபைப் பற்றிச் சொல்வான் என்று காத்திருந்தேன், சொல்லவே இல்லை, படி இறங்கிப் போகும் அவன் முதுகைப் பார்த்தபடி, திருடன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன், சொல்லச் சொல்ல அந்தச் சொல் இனித்தது.

இரண்டே நாளில் எழுதி முடித்தேன், நான் எழுதியதிலேயே ஆகச் சிறந்த விண்ணப்பம் அதுதான், திரையில் சமர்ப்பி என்ற பொத்தான் மட்டும் பாக்கி, அழுத்தவில்லை, மறுநாளும் திறந்தேன், அழுத்தவில்லை, பன்னிரண்டாம் தேதி போனில் அழைத்தான், பதிஞ்சாச்சாலே, ஆச்சு என்றேன், குரல்கூட நடுங்கவில்லை.

பதினாலாம் தேதி மைதானத்தில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், வாலே என்று கூப்பிட்டிருந்தான், வராமல் இருக்கவும் முடியவில்லை, செல்வமதி என்ற பெண் கோல் காத்தாள், பந்துகள் அவள் காலடியில் ஒவ்வொன்றாகச் செத்தன, ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள், விளையாட்டுச் சாமான் செய்கிற ஒருவர் இடைவேளையில் வந்து பேடைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார், சீனிராஜ் என் தோளில் கை போட்டு அவரிடம், இவன் இல்லன்னா என் கண்டுபிடிப்பு ஒண்ணும் தாளுல ஏறாது சார் என்றான், அவர் நகர்ந்ததும் சொல்லிவிட்டேன், பதியல. என்னது என்றான். பதியல சீனி, வேணும்னுதான் பதியல, அது என் டியூபு, ஃபைனல்ல நான் வச்சுத் தச்சது, நீ ஒரு வார்த்த சொன்னியா.

அவன் கையை எடுத்துக்கொண்டான், கோபப்படுவான் என்று நினைத்தேன், விளங்காத மொழியைக் கேட்டவன்போல என்னையே பார்த்தான், ஏலே, அந்த மேட்ச்ல நாம தோத்தோம்லா என்றான், மூணு கோலு, ஒன் டியூபுல பட்டு பந்து எகிறி எகிறி நேரா அவனுவ மட்டைக்குப் போச்சு, வாத்தியாரு பேடக் கிழிச்சுப் பாத்துட்டு எவன்டா இதத் திணிச்சான்னு கேட்டாரு, நான்தான் சார்னு சொன்னேன், ஒன் பேரச் சொல்லல, ரப்பர் ஆகாதுன்னு அன்னைக்குத் தெரிஞ்சுதுலே, அப்ப எதுதான் ஆகும்னு இத்தன வருசம் கெடந்து தேடினேன். அவன் சொல்லச் சொல்ல, செத்து விழுந்த பந்துகள் எல்லாம் எனக்குள் ஒவ்வொன்றாக எழும்பி எகிறின, வாத்தியாரின் கையில் கிழிந்த பேடு, அடி வாங்கிய சீனிராஜின் கன்னம், நான் பார்த்துக்கொண்டு நின்ற இடம், எல்லாம் எங்கேயோ இருந்திருக்கின்றன, எனக்குத்தான் அவை வேண்டாதவையாக இருந்திருக்கின்றன.

என்னிடமிருந்த ஏழு காப்புரிமைக் கோப்புகளையும் கேட்டு ஆள் அனுப்பினான், கொடுத்தேன், எட்டாவதைப் பதிய இனி வழியில்லை, அடுத்த வருடமே யார் யாரோ அந்தப் பேடைச் செய்து கடைகளில் தொங்கவிட்டார்கள், ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், எங்கும் அவன் பெயர் இல்லை, முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அதன் பிறகுதான் கூசியது.

நேற்று காப்புரிமை இதழில் அவனுடைய புதிய விண்ணப்பம் வெளியாகியிருந்தது, கம்ப்யூட்டர் சம்பந்தமானது, வேறொரு முகவர் எழுதியது, குறை தேடித்தான் படித்தேன், உரிமைக்கு வேலி கட்டும் வரிகளில் ஒன்றில், மூன்றாம் உரிமைக்கோரலில் கிடைத்தது, ஒரு சொல்லை விட்டிருந்தார்கள், அந்த ஓட்டை வழியாக யார் வேண்டுமானாலும் நுழைந்துவிடலாம், ஆனால் இன்னும் திருத்தலாம், காலம் இருக்கிறது, நாற்காலியில் சாய்ந்து அந்த ஓட்டையை ருசித்துக்கொண்டே இருந்தேன், மணி பதினொன்று, பன்னிரண்டு, பூரணி கட்டிக் கொடுத்த சோறு திறக்காமல் கிடந்தது, பிறகு அவன் எண்ணை அழுத்தினேன், வெகுநேரம் அடித்தது, எடுத்தான், சொல்லு என்றான், பழையபடி ஏலே என்று கூப்பிடவில்லை, சீனி, மூணாவது கோரலப் பாரு, தற்காலிகம்னு ஒரு சொல்லு விட்டுப்போச்சு என்றேன், அந்தப் பக்கம் காகிதம் புரளும் ஓசை, இரு, பேனா எடுத்துக்கிடுதேன் என்றான்.