கூமே

இயர்போனில் தன் பேச்சு ஆம்பளைக் குரலில் கேட்டதும் ரபியாவுக்கு உடம்பு சில்லிட்டது. அடையாளம் தெரியாமலிருக்கக் குரலை மாற்றிவிடுவோம் என்று சரயேவோ நீதிமன்றத்தில் முன்பே சொல்லியிருந்தார்கள். திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, பெயருக்குப் பதிலாக ஓர் எழுத்தையும் கொடுத்தார்கள். ஆனால் இந்தக் கனத்த, லேசாக மூக்கடைத்த குரலை அவள் அறிவாள். தொண்ணூற்றிரண்டாம் வருஷக் கோடையில், சண்டை மூண்டபோது வாசலிலிருந்து இழுத்துக்கொண்டு போகப்பட்ட தம்பி நுஸ்ரெத்தின் குரல் அது.

இழுத்துப் போனவன் பக்கத்து வீட்டு வெலிமிர். இன்று கிழவனாகிக் கூண்டில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் வக்கீலுக்கும் சாட்சி யாரென்று தெரியும். வெளியே சொன்னால் ஜெயில். ஊருக்குத் தெரியாது. தெரிந்தால், சண்டைக்குப் பிறகு அங்கே திரும்பிப் போன ஒரே முஸ்லிம் வீடான அவள் வீட்டில் விளக்கு எரியாது. அவனுக்குத் தண்டனை கிடைக்கட்டும், கிடைக்காமல் போகட்டும். தம்பியின் எலும்பு எங்கே கிடக்கிறது என்று தெரிந்தால் போதும். அதற்காகத்தான் இத்தனை வயசுக்குமேல் கோர்ட் படி ஏறியிருந்தாள்.

வெலிமிர் அவளுக்கு அந்நியனில்லை. அவளுக்கு முதல் முடி வெட்டியவனே அவன்தான். அந்த ஊர் வழக்கில் முதல் முடி வெட்டியவன் கூம். மதம் வேறானாலும் அன்றுமுதல் இரண்டு வீடும் ஒரு வீடு. பெரியவர் சிறியவர் எல்லோரும் அவனை 'கூமே' என்றுதான் கூப்பிடவேண்டும். வெட்டிய முடியைத் தன் தோட்டத்து அக்ரூட் கன்றின் அடியில் புதைத்தான். பிள்ளையும் மரமும் சேர்ந்து வளரட்டும் என்று அம்மா பூரித்துப்போனாளாம்.

மறுநாளும் வரச்சொல்லி அனுப்பினார்கள். சாயங்காலம் வெலிமிரின் மனைவி ஸ்தோயா, வருஷா வருஷம் போல மடிநிறைய அந்த மரத்து அக்ரூட்டோடு வந்தாள். அவளும் கோர்ட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தாள்.

"சாட்சி ஆம்பளடீ! திரைக்குப் பின்னால ஒளிஞ்சு பேசுறவனுக்கு மீசை ஒரு கேடா?" என்றாள். "நீ ஆஸ்பத்திரிக்குப் போனியே, டாக்டர் என்ன சொன்னாரு?"

"பிரஷராம்."

"வராம என்ன பண்ணும்? அந்தக் குடி குடிக்கிற காப்பிய."

இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் அரசு வக்கீல் கேட்டார்: "அவரை இழுத்துப் போனப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

உறவு எதுவும் வாயில் வரக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். "விட்டுடு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எந்த வேதத்தின் மேலும் சத்தியம் செய்வாள்.

இயர்போனில் நுஸ்ரெத்தின் குரல், "விட்டுடு, கூமே" என்றது.

திரைக்கு அப்பால், பார்வையாளர் பக்கம் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ எழுந்து வெளியே நடந்தார்கள். அந்தச் சொல்லைப் பதிவிலிருந்து நீக்கும்படி நீதிபதி உத்தரவிட்டார்.

அன்றைக்கு வீடு திரும்பியவள் கதவைத் தாழிட்டு, விளக்குப் போடாமல் அக்ரூட்டை உடைத்துத் தின்றபடி இருந்தாள். வயிறு பசித்தது, வேறெதையும் சமைக்கக் கை வரவில்லை.

விடிந்ததும் ஸ்தோயா வேலியோரம் வெறுங்கையோடு நின்றிருந்தாள்.

"நேத்து நுஸ்ரெத்து பேசினான்டி."

ரபியா வேலிக்கு அருகே போனாள்.

"கூமேன்னு கூப்பிட்டான். அப்படிக் கூப்பிட உங்க வீட்ல வேற எந்த ஆம்பள இருக்கான்? அவன்தான்." ரபியாவின் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "நான் உன்கிட்ட சொல்லல, கேட்டுக்க. அவன் பேசினான், அவனுக்குப் பதில் சொல்றேன். உன் முடி இருக்கிற எடத்துலயேதான் அவனையும் வெச்சாங்க. லாந்தர் புடிச்சது நான்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ரபியா அடுக்களைக்கு வந்தாள். மேஜையெல்லாம் உடைந்த ஓடுகள். மிச்சமிருந்த அக்ரூட்டுகள் கிண்ணத்தில், தோட்டத்து மண் ஒட்டியபடி கிடந்தன. நாக்கில் நேற்றுத் தின்ற பருப்பின் துவர்ப்பு இன்னும் போகவில்லை.