உள்மூலைக் கீறல்

பதினேழாம் எண் பாலம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. தட்டின் மேல் சிவப்புச் சீட்டு. 'உள்மூலையில் கீறல்' என்று எழுதி, பக்கத்தில் பாலத்தைச் சின்னதாக வரைந்து, ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தது. அவள் லென்ஸைக் கண்குழிக்குள் செருகிக்கொண்டு பார்த்தாள். விளக்கை அருகே இழுத்துப் பார்த்தாள். பிறகு விளக்கைத் தள்ளிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். சரிவின் மேல் வெளிச்சம் ஒரே கோடாக ஓடி, மூலையில் மடங்கி, மறுபக்கம் ஏறியது. எங்கும் உடையவில்லை.

கைக்கடிகாரத்தின் உள்ளே சக்கரங்களை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கிற தகட்டுக்குத்தான் பாலம் என்று பெயர். கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. அதன் ஓரங்களை அரத்தால் சரிவாக இழைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் மரக்குச்சியின் நுனியில் மெருகுப் பசையைத் தொட்டுப் பளபளப்பாக்க வேண்டும். வெளி ஓரங்களை இயந்திரமே செய்துவிடும். இரண்டு ஓரங்கள் உள்பக்கமாகச் சந்திக்கிற மூலைக்குள் மட்டும் இயந்திரத்தின் எந்தச் சக்கரமும் நுழையாது. அங்கே கைதான் போக வேண்டும். பதினோரு வருடமாகப் போய்க்கொண்டிருந்தது அவள் கை. அதனால், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மெருகேற்றுகிற அந்தக் கூடத்தில் அவளுக்கு ஓரக்காரி என்று பெயர்.

இதுவரை அந்தக் கம்பெனிக் கடிகாரங்களின் முதுகை எஃகு மூடியிருந்தது. இந்த வருடம் முதலாளி முதுகுக்குக் கண்ணாடி போட முடிவுசெய்தார். உள்ளே இருப்பதெல்லாம் இனி வாங்குகிறவர் கண்ணில் படும். ஆகவே மெருகு உயர வேண்டும் என்று அறிக்கை ஒட்டினார்கள். மெருகை உயர்த்த நல்ல விளக்கு வரவில்லை. ஆளும் கூடவில்லை. வந்தது ஒரு நுண்ணோக்கி. அதுவும் பரிசோதகரின் மேசைக்குப் போயிற்று. பெண்களின் லென்ஸ் ஐந்து மடங்கு பெருக்கிக் காட்டும். அவருடையது நாற்பது மடங்கு. அதை அவர் வார்த்தைக்கு வார்த்தை சொன்னதால், அவர் பெயரே நாற்பது என்று ஆகிவிட்டது.

ஒரு மாதத்தில் பத்துச் சிவப்புச் சீட்டு விழுந்தால் மேசை போய்விடும். கழுவும் பிரிவுக்கு அனுப்புவார்கள். சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஓரக்காரிக்கு இது எட்டாவது. மாதம் முடியப் பத்து நாள் இருந்தது.

அவள் எழுந்து பரிசோதனை அறை வாசலில் போய் நின்றாள்.

"சார், ஒரே ஒரு தடவை நான் அதுல பாத்துக்கறேன். கீறல் எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தானே எடுக்க முடியும்?"

நாற்பது நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாக்கறது என் வேலை. எடுக்கறது உங்க வேலைம்மா."

அவள் திரும்பி வந்து, கண்ணுக்குத் தெரியாத கீறலை மூன்றாவது முறையாக எடுக்க உட்கார்ந்தாள். எங்கே தேய்ப்பது என்று தெரியாததால் மூலை முழுக்கத் தேய்த்தாள். பக்கத்து மேசைக்காரிக்கும் ஆறு சீட்டு விழுந்திருந்தது. பேய்க்கு மருந்து தடவுகிற கதையாக இருக்கிறது என்று அவள் தன் பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஓரக்காரி வீட்டில் சொன்னபோது, வேன் ஓட்டுகிற அவள் கணவன் சோற்றில் கையை வைத்தபடி, கண்ணைக் காட்டிவிட்டு வரச் சொன்னான். நாற்பது வயதுக்கு மேல் எல்லாருக்கும் மங்கும், இதில் ரோஷப்பட என்ன இருக்கிறது என்றான். அவன் நல்லதாகத்தான் சொன்னான். அவளுக்குத்தான் சுள்ளென்று ஏறியது. இருந்தாலும் அரை நாள் லீவு போட்டுக் கண் டாக்டரிடம் போனாள். அட்டையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார்கள். படித்தாள். அதற்கும் கீழே, ஓரத்தில், அட்டையை அச்சடித்த அச்சகத்தின் பெயர் இருந்தது. அதையும் சேர்த்துப் படித்தாள். டாக்டர் சிரித்துவிட்டு, அனுப்பினவரை வரச் சொல்லுங்கள் என்றார்.

மத்தியானம் வேலைக்கு வந்தபோது மேசையில் ஒன்பதாவது சீட்டு காத்திருந்தது. இது வேறொரு பாலம்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே, இழுப்பறையில் செருகி வைத்திருந்த சீட்டுகளை எடுத்து மேசைமேல் பரப்பினாள். ஒன்பது சீட்டு, ஏழு பாலம். ஒன்பது படத்திலும் அம்புக்குறி ஒரே மூலையைத்தான் காட்டியது. அதே பக்கம், அதே சாய்வு. பக்கத்து மேசைக்காரியின் ஆறு சீட்டையும் வாங்கிப் பார்த்தாள். அதே மூலை.

கை தவறினால் ஒரு நாள் இங்கே தவறும், இன்னொரு நாள் அங்கே தவறும். இரண்டு பேர் கையும் பதினைந்து தடவை ஒரே இடத்தில் எப்படித் தவறும்? கீறலுக்கு விலாசமா எழுதிக் கொடுத்திருக்கிறது, தேடி வந்து அதே வீட்டில் குடியேற?

சாயங்காலம் முடித்த பாலங்களைக் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிற சாக்கில், பரிசோதனை அறைக்குள் ஐந்து நிமிடம் நின்றாள். கூடத்தில் எல்லாரும் மர நுனி வைத்த இடுக்கிதான் வைத்திருந்தார்கள்; இரும்பு பட்டால் மெருகு போய்விடும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். நாற்பது பளபளவென்று ஓர் எஃகு இடுக்கியை எடுத்தார். பாலத்தை அந்த மூலையில் கவ்வினார். தூக்கினார். நுண்ணோக்கிக்கு அடியில் வைக்கும்போது மணிக்கட்டைச் சற்றே திருப்பினார். குனிந்து பார்த்தார். பெருமூச்சு விட்டுச் சிவப்புச் சீட்டுக் கட்டை இழுத்தார்.

அவள் வெளியே வந்தாள். நேராக சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், வேலியே பயிரை மேயுது. கீறல் எங்க மேசையில விழல. அவர் பாக்கறதுக்கு எடுக்கும்போதுதான் விழுது."

சூப்பர்வைசர் பதினைந்து சீட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மோசமான மனிதர் அல்ல. பார்க்கப் பார்க்க அவர் காது சிவந்தது. பரிசோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கால் மணி கழித்து வந்து, கவனித்துக்கொள்வதாகவும், இதை வெளியில் பேச வேண்டாம் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை நாற்பதின் மேசையில் மர நுனி இடுக்கி இருந்தது. ஓரக்காரியின் மேசையில் பத்தாவது சீட்டு இருந்தது. முந்தின நாள் பார்த்த பாலம், எழுதினது எழுதினதுதான் என்றார்கள். அதற்குப் பிறகு அந்த மாதம் முழுக்கக் கூடத்தில் யாருக்கும் சிவப்புச் சீட்டு வரவில்லை.

பத்துச் சீட்டையும் ரத்து செய்யச் சொல்லி அவள் மூன்று நாள் ஆபீசுக்கு நடந்தாள். முதல் நாள் மேனேஜர் இல்லை. இரண்டாம் நாள் இருந்தார், மீட்டிங்கில் இருந்தார். மூன்றாம் நாள் உட்காரச் சொன்னார்.

"சீட்டு கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சும்மா. எடுக்கணும்னா பரிசோதனையில தப்புன்னு எழுதணும். அப்படி எழுதினா, போன மாசம் பாஸ் பண்ணி அனுப்பினதுக்கெல்லாம் யார் பதில் சொல்றது? யாரும் தப்பு பண்ணலன்னு வெச்சுக்குவோம்."

"அப்ப கீறினது யார் சார்?"

"அதான் இப்ப கீறல் இல்லியே."

அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினாள். அந்த ஊரில் உள்மூலை செய்யத் தெரிந்த கைக்கு வேறு கம்பெனி கிடையாது. மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி இருந்தது.

அடுத்த மாதம் முதல் தேதி கழுவும் பிரிவுக்குப் போனாள். பாலங்களைக் கம்பிக் கூடையில் அடுக்கி, கழுவும் திரவத்தில் முக்கி, ஆட்டி எடுக்க வேண்டும். நாளுக்கு அறுபது கூடை. முழங்கை வரை ரப்பர் கையுறை. அதைப் போட்டுக்கொண்டால் விரல் நுனிக்கு எதுவும் தெரியாது. அவள் இடத்தில் வேறொருத்தியை உட்கார வைத்தார்கள். மூலை பிடிபடவில்லை என்று அந்தப் புதியவள் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனாள். ஓரக்காரி இரண்டு தடவையும் சொல்லிக் கொடுத்தாள். எரிச்சலோடுதான், ஆனால் எதையும் மறைக்காமல்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு முற்பகலில், எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி வந்திருந்தார். திரும்பி வருகிற பாலங்கள் மாதத்துக்கு எழுபதிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டதாக மேனேஜர் படித்தார். ஆய்வு முறையை மேம்படுத்தியதற்காகப் பரிசோதகருக்குக் கம்பெனியின் முதல் கண்ணாடி முதுகுக் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். கொடுக்கும் முன் முதலாளி அதைத் திருப்பி, முதுகைக் கூட்டத்துக்குக் காட்டினார். வெயிலில் ஏதோ மின்னியது. பின்வரிசையிலிருந்து மூலையெல்லாம் தெரியாது.

எல்லாரும் கை தட்டினார்கள். சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்ததும் ஓரக்காரியும் தட்டினாள். கூடையை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்ததில் அவள் கையுறையைக் கழற்றியிருக்கவில்லை. ரப்பர் ரப்பரோடு மோதிச் சத்தமே எழவில்லை. கழுவும் திரவம்தான் தெறித்து அவள் முகத்தில் விழுந்தது.