தீய்ந்த ஸ்பகெட்டி

என் அம்மா லுவீனியா எந்தப் பேச்சை எடுத்தாலும் அது மாண்ட்கமரியில் போய்த்தான் நிற்கும். கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை கேட்டு 1965-இல் செல்மாவிலிருந்து மாண்ட்கமரிவரை ஐந்து நாள் நடந்தவள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. நடந்ததில் எனக்கு எவ்வளவோ பெருமை. அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் உயிரை வாங்குவாளே, அதுதான் ஆகாது. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் இவள் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள்.

அதிலும் முதல் நாள் ராத்திரிக் கதையைத்தான் எல்லாரும் கேட்டு வாங்குவார்கள். ஊர்வலம் ஒரு வயலில் கூடாரம் போட்டுத் தங்கியது. செல்மாவில் ஒரு சர்ச் சமையலறையிலிருந்து சாப்பாடு வந்தது. அத்தனை பேருக்குப் போதுமான பாத்திரம் எங்கே இருக்கிறது? கடையில் வாங்கிய புத்தம் புதுத் தகரக் குப்பைத் தொட்டிகளில் ஸ்பகெட்டியை நிரப்பி லாரியில் அனுப்பினார்கள். மூடியைத் திறந்தால் தீய்ந்த வாடை. "எந்த மகராசி அடுப்புல வெச்சுட்டுத் தூங்கப் போனாளோ, நாய்கூட மோந்து பாத்துட்டு ஓடிடுச்சு. அன்னிக்கு எல்லாரும் பட்டினிதான்" என்று அம்மா முடிப்பாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பது எர்னஸ்டீன் பெரியம்மாதான்.

பெரியம்மா அம்மாவுக்கு மூன்று வயது மூத்தவள். அட்லாண்டாவில் எங்களோடுதான் இருக்கிறாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். அடுப்பில் சட்டி இருந்தால் பாதிரியாரே வந்து வாசலில் நின்றாலும் நகரமாட்டாள். ஊர்வலம் நடந்தபோது அவளும் செல்மாவில்தான் இருந்தாள். "நான் நடக்கல, சமையல்ல இருந்தேன்" என்பதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

ஒவ்வொரு ஜனவரியும், அந்த ஊர்வலத்தைத் தலைமை தாங்கி நடத்திய டாக்டர் கிங்கின் பிறந்தநாள் விடுமுறைக்கு அம்மா செல்மாவுக்குப் போவாள். நான்தான் காரோட்டி. பெரியம்மாவுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு சாக்கு கிடைக்கும். இந்த வருஷம் நாங்கள் கூப்பிடுவதற்கு முன்பே கோட்டும் தொப்பியுமாக வந்து பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது அம்மா கழிப்பறைக்குப் போனாள். அப்போது நான் காரணத்தைக் கேட்டேன்.

"அடுத்த மாசம் என் இடுப்பெலும்ப மாத்தப் போறாங்கடி, ராஸ்லின். அதுக்கப்புறம் எப்படியோ. ஊர்வலம் தாண்டிப் போன அந்தச் செல்மா பாலத்துல ஒரு தடவையாவது நடக்கணும்."

"நடங்க பெரியம்மா, யாரு வேணாம்னா?"

"அது நடந்தவங்க பாலம். நான் அதுல கால வெக்கலாமான்னுதான் யோசனையா இருக்கு."

செல்மாவில் நாங்கள் எப்போதும் முதலில் போவது சர்ச் பெண்கள் நடத்தும் சின்னக் காட்சிக்கூடத்துக்கு. இரண்டே அறைகள். கிழிந்த காலணிகள், போட்டோக்கள், மூலையில் அந்தத் தகரத் தொட்டிகளில் ஒன்று. டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் அதைப் பார்த்து, இது எதற்கு இங்கே என்று கேட்டது. அம்மாவுக்கு அது போதாதா? கூடாரத்தில் ஆரம்பித்து நாய்வரை ஒரு எழுத்து விடாமல் சொல்லி முடித்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பெரியம்மா சிரிக்கவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மகராசி நான்தான்டி, லுவீனியா."

அம்மா இதையும் வேடிக்கை என்றுதான் நினைத்தாள். பெரியம்மா குரலை உயர்த்தாமல் நடந்ததைச் சொன்னாள். அன்று மதியம் யாரோ ஓடிவந்து, பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு பெண்ணின் மண்டையில் கல் பட்டுத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றார்களாம். பெரியம்மாவிடம் இருந்த ஒரே கோட்டு பச்சை. அதைத்தான் அம்மாவுக்குப் போட்டு அனுப்பியிருந்தாள். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஆஸ்பத்திரி, டாக்டர் வீடு, சவக்கிடங்கு என்று மூன்று இடம் தேடினாள். அடிபட்டது வேறு யாரோ என்று தெரிந்து திரும்பி வந்தபோது பெரிய சட்டி அடிப்பிடித்திருந்தது. லாரி வாசலில் நின்றது. மறுபடி சமைக்கப் பொருளும் இல்லை, நேரமும் இல்லை.

"ஏன்க்கா இத்தன வருஷமா சொல்லல?"

"எப்படிடி சொல்றது? அவ்வளவு தூரம் நடந்தவங்க என்னால பட்டினி கெடந்தாங்கன்னு நீயே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்க."

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். அரை நூற்றாண்டாக ஒருத்தியை அவள் முகத்துக்கு நேரேயே கேலி செய்துவிட்டு, மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாதா?

பாலத்தடிக்குப் போனோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அந்தக் காலத்து ஊர்வலத்தில் நடந்தவர்களுக்கு மஞ்சள் ரிப்பன் குத்துவார்கள். அவர்கள் முன்னால் போவார்கள், மற்றவர்கள் பின்னால். ரிப்பன் தட்டு வைத்திருந்த பெண்ணுக்கு அம்மாவை நன்றாகத் தெரியும். ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"ரெண்டு குடும்மா" என்றாள் அம்மா.

பெரியம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "பொய் சொல்லாதடி. நான் நடக்கல."

"பொய் சொன்னது நான்தான்" என்றாள் அம்மா. "அங்க நாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. சிரிக்கறாங்கன்னு சேத்துக்கிட்டே போனேன். யாரும் பட்டினி கெடக்கலக்கா. நான் ரெண்டு தட்டு வாங்கித் தின்னேன். தொட்டி அடிய சொரண்டிட்டுத்தான் படுத்தோம். காலையில எந்திரிச்சு நடந்தது அந்தச் சோத்துலதான்."

பெரியம்மா பிடித்திருந்த கையை விட்டாள்.

"ரெண்டு தட்டா?"

"ரெண்டு."

அந்தப் பெண் பெரியம்மாவின் கோட்டில் ரிப்பனைக் குத்தினாள். அக்காவும் தங்கையும் கைகோத்துக்கொண்டு முன்வரிசையில் ஏறினார்கள். நான் நாலடி பின்னால் நடந்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது. இவர்கள் இரண்டு பேர் வயிற்றுப்பிள்ளை மாதிரி நான் வளர்ந்தேன் என்பதைவிடப் பெரிய பெருமை எனக்கு என்ன வேண்டும்?

நடுப்பாலத்தில் அம்மா பக்கத்தில் வந்த யாரிடமோ கதையை ஆரம்பித்துவிட்டாள். முதல் நாள் ராத்திரி என் அக்கா சமைத்து அனுப்பினாள், அதைச் சாப்பிட்டுத்தான் நடந்தோம் என்று. தீய்ந்தது என்ற பேச்சே அதில் இல்லை.

பெரியம்மா நின்று, ஊன்றுகோலால் அம்மாவின் காலணியைத் தட்டினாள்.

"தீஞ்சதையும் சொல்லுடி."