அன்னபேதியும் அந்திப் பார்வையும்

தோழர்களே, கூட்டத்தில் கைதட்டியது போதும்! இந்தப் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசைக்கு முன்னால் வந்து நில்லுங்கள். ஒரு பெண்ணின் நம்பிக்கையை இங்கே ஏய்த்திருக்கிறார்கள். அதற்கு நீங்களே சாட்சி.

கருத்தம்மா தெற்கத்திப் பெண். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு, தொண்ணூற்று ஒன்றில் திருப்பூருக்கு வந்தவள். மாலை டுடோரியலில் படித்து, மார்ச்சில் அந்தத் தேர்வை எழுதிவிட வேண்டும். அவள் நெஞ்சில் வேறு ஆசை இல்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் அவளுக்குப் பாதை தெரிவதில்லை. விளக்கில்லாத சந்தில் இரண்டு முறை சாக்கடையில் விழுந்தாள். வகுப்புக்குப் போவது நின்றது. மருத்துவர், விட்டமின் ஏ குறைவு என்றார்.

கம்பெனியில் சனிக்கிழமைதோறும் சிவப்பு மாத்திரை கொடுத்தார்கள். "விட்டமினு, முழுங்கு அம்மணி" என்றார் சூப்பர்வைசர் மயில்சாமி. மருத்துவர் சொன்ன விட்டமின் இதுதான் என்று நம்பி மூன்று மாதம் விழுங்கினாள். ஒவ்வொரு சனிக்கிழமை அந்தியிலும் கம்பெனி வாசலில் நின்று, எதிர்ச்சுவரில் எழுதிய டுடோரியல் விளம்பரம் கண்ணுக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்த்தாள். எழுத்துகள் இருளிலேயே கிடந்தன.

ஒரு நாள் தேநீர் வேளையில் மாத்திரை டப்பாவை எடுத்துப் படித்தாள்: பெரஸ் சல்பேட்.

சாயப்பட்டறையிலிருந்து வந்திருந்த அவள் ஊர்க்காரன் ராக்கையா சிரித்தான். "அட, நாங்க கழிவுத்தண்ணி தெளியப் போடுற அன்னபேதியில்ல இது! ஒன் வயித்தையும் தெளிய வைக்கிறாகளா தாயி?"

எல்லோரும் சிரித்தார்கள். கருத்தம்மா டப்பாவை அவனிடம் நீட்டினாள்.

"அண்ணே, விட்டமின் கரிமச் சேர்மம், அதுல கார்பன் இருக்கும். இது இரும்போட கனிம உப்பு. ரத்தத்துக்கு நல்லதுதான். எனக்கு வேண்டியது இது இல்லையே!"

"ஏனுங்க புரொபசரம்மா," என்றார் மயில்சாமி, "எல்லாஞ் சத்துத்தானுங்க? போயி பனியன் பீஸைப் பாருங்க."

கரிமமா, கனிமமா? பள்ளியில் ஒரு மதிப்பெண்ணுக்கு அவள் சரியாக எழுதிய விடை அது. டப்பாவைப் படித்துப் பாராமல், கொடுத்த கையை நம்பினாள். மூன்று மாதம் போயிற்று.

இன்றும் சனிக்கிழமை. அறிவியல் புத்தகத்தை மார்போடு அணைத்து அவள் வாசலில் நிற்கிறாள். மார்ச்சுக்கு இன்னும் பத்து வாரம்.

எழுந்திருங்கள்! உங்கள் கம்பெனி டப்பாவில் இருப்பது என்னவென்று உரக்கப் படித்துக் கேளுங்கள். அவளுக்குரிய மருந்தை வாங்கிக் கொடுங்கள். அந்தச் சந்துக்கு விளக்குக் கேட்டு நகராட்சியின் கதவைத் தட்டுங்கள். அது எரியும்வரை, மாலைதோறும் உங்களில் ஒருவர் அவள் கையைப் பிடித்து வகுப்பு வாசலில் கொண்டுபோய் விடுங்கள்!