நடக்காது அண்ணாவும் நகராத பஸ்ஸும்

அந்தப் பள்ளிக்கூட பஸ் டிரைவருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பேர் ‘நடக்காது அண்ணா’. “அண்ணா, இன்னிக்கு சீக்கிரம் போயிடுவோமா?” என்று கேட்டால், “அதெல்லாம் நடக்காது” என்பார். “மழை விட்டுடுமா?” என்றாலும் அதே பதில்தான். மனுஷன் கெட்டவர் இல்லை, தங்கமானவர். நல்ல வார்த்தையை வெளியே விட மட்டும் அப்படி ஒரு கஞ்சத்தனம்.

அவருக்கு வாய்த்த மனைவி நேர் எதிர். அதே பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அக்கா அவள்தான். டயர் பஞ்சரானால், “நல்லவேளை, ஒண்ணுதானே போச்சு” என்பாள். இந்த இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேசாத ஆள் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் பஸ்ஸின் இன்ஜின் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. பள்ளியில் பணம் இல்லை. பெற்றோர் சேர்ந்து புது இன்ஜினுக்குத் திரட்டிக் கொடுத்தால் பஸ் ஓடும், இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போகும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். டிரைவருக்கு ஒரு லாரி முதலாளி வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். லாரி ஏறினால் வாரக்கணக்கில் வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்வேன், வருவதா இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட வேண்டும் என்பது முதலாளியின் கறார். பின்னால் பிள்ளைகள் போடும் சத்தம் இல்லாமல், படியில் நின்று அதட்டும் மனைவி இல்லாமல் வண்டி ஓட்டுவதை டிரைவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

“ஓடாத பஸ்ஸை வெச்சே பணம் திரட்டலாம்!” என்று கிளம்பியவர் விளையாட்டு டீச்சர். விசில் இல்லாமலே மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும் குரல் அவருக்கு. மைதானத்தில் நிற்கும் பஸ்ஸின் முன் கொக்கியில் கயிறு கட்ட வேண்டும். பத்துப் பேர் ஒரு குழு. ஆளுக்கு இவ்வளவு என்று வாளியில் போட்டுவிட்டு, பஸ்ஸைச் சுண்ணாம்புக் கோடு வரை இழுக்க வேண்டும். இழுக்கும் குழுவுக்குப் பரிசு, புது இன்ஜின் வந்ததும் முதல் சவாரி.

“யார் டீச்சர் வரப் போறாங்க? நடக்காது” என்றார் டிரைவர்.

“அண்ணா, நீங்க சீட்ல உக்காந்து ஸ்டியரிங்கை மட்டும் நேராப் பிடிங்க. நடக்கிறதை நாங்க பாத்துக்கறோம்.”

சனிக்கிழமை வந்தது. மைதானத்தில் எள் போட இடமில்லை. டிரைவர் சீட்டில் ஏறி கியரை நியூட்ரலில் போட்டார், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். முன் சக்கரம் நிற்கும் இடத்தில் டீச்சர் சுண்ணாம்பால் ஓர் அடையாளம் வைத்தார். முதலில் வந்தது மரக்கடைக்காரர்கள் குழு. ஒவ்வொருவரும் தேக்குக் கட்டை மாதிரி இருந்தார்கள். விசில் ஒலித்தது. கயிறு விறைத்தது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒருவருடைய சட்டைப் பொத்தான் தெறித்தது. பஸ் நின்றது நின்றபடி நின்றது.

“நான்தான் சொன்னேனே” என்றார் டிரைவர், ஜன்னல் வழியாக.

“அசைஞ்சுது! நான் பாத்தேன்!” என்று டீச்சர் குதித்தார். “இன்னும் ஒரே ஒரு மூச்சு பிடிச்சா வந்துடும்!”

அந்த ஒரு வார்த்தை போதாதா? மரக்கடைக்காரர்கள் மறுபடி வாளியில் பணம் போட்டார்கள். அவர்களுக்கு அடுத்து பேக்கரிக்காரர்கள், அப்புறம் ஆசிரியர்கள், அப்புறம் ஆஸ்பத்திரி நர்ஸுகள். தோற்றவர்களுக்கு ரோஷம், பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நாம் இழுத்துக் காட்டுவோம் என்ற வீம்பு. ஒவ்வொரு குழுவும் போகும்போது “அசைஞ்சுது!” என்று டீச்சர் அடித்துச் சொன்னார். வாளி நிரம்பி இன்னொரு வாளி வந்தது. டிரைவர் முகம் மட்டும் தொங்கிக்கொண்டே போனது. இத்தனை பேர் இழுத்தும் நகராத வண்டிக்கு இன்ஜின் போட்டு என்ன பிரயோஜனம் என்று அவர் மனசு கணக்குப் போட்டது.

அவருக்கு டீ எடுத்துக்கொண்டு மனைவி ஏறி வந்தாள். டம்ளரை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

“ஏங்க, இந்தக் கம்பி ஏன் மேல தூக்கி நிக்குது?”

டிரைவர் குனிந்து பார்த்தார். ஹேண்ட்பிரேக். காலையில் சீட்டில் ஏறியதும், ஒரு வாண்டு முன் சக்கரத்துப் பக்கம் பந்து பொறுக்க வந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. சின்னப் பிள்ளை வண்டிப் பக்கம் வந்தால் அவர் கை தானாக ஹேண்ட்பிரேக்குக்குப் போகும், அத்தனை வருஷப் பழக்கம். போட்டதும் தெரியவில்லை, எடுக்காததும் தெரியவில்லை. பேட்டரியைக் கழற்றி வைத்திருந்ததால் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

மனைவி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“சிரிக்காதே! எல்லாரும் பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க. எல்லாம் போச்சு.”

“சத்தமில்லாம இறக்கி விட்டுடுங்களேன்.”

“காலைல இருந்து இழுத்தவங்களை ஏமாத்தவா? நான் மாட்டேன்” என்று சொல்லி இறங்கினார். காது சிவந்துபோய், டீச்சர் கையிலிருந்த மைக்கை வாங்கி, விஷயத்தைப் போட்டு உடைத்தார். “தப்பு என் மேலதான். ஹேண்ட்பிரேக்கைப் போட்டே வெச்சிருந்திருக்கேன். மன்னிச்சுடுங்க.”

மரக்கடைக்காரர்களில் பெரியவர் முன்னால் வந்தார்.

“அப்போ நாங்க இழுத்தது பிரேக் போட்ட வண்டியையா?”

“ஆமாங்க.”

“டீச்சர், அசைஞ்சுதுன்னு சொன்னீங்களே, நெஜமாவா?”

டீச்சர் ஓடிப்போய் முன் சக்கரத்தருகே மண்டியிட்டார். சுண்ணாம்பு அடையாளத்துக்கும் டயருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அரதப்பழசான பிரேக், ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியிருக்கிறது.

“ஒரு சாண்!” என்று கத்தினார். “பிரேக் போட்ட பஸ்ஸை ஒரு சாண் இழுத்திருக்கீங்க!”

அவ்வளவுதான், விசிலும் கைத்தட்டலும் காதைப் பிளந்தன. அந்த ஒரு சாணில் தங்கள் பங்கு எத்தனை விரற்கடை என்று ஒவ்வொரு குழுவும் சண்டைக்கு நின்றது. பணத்தைத் திருப்பிக் கேட்கும் நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை. மாறாக, பிரேக் இல்லாமல் இழுக்க வேண்டும் என்று வாளி முன்னால் மறுபடியும் வரிசை கட்டினார்கள்.

“முதல்ல நாங்க!” என்று புகுந்தது ஒண்ணாம் வகுப்பு. பத்துப் பேர் கணக்கெல்லாம் காற்றில் பறந்தது. வகுப்பு மொத்தமும், கூடவே அவர்களுடைய அம்மாமார்களும் நீளக் கயிற்றைப் பிடித்தார்கள். டிரைவர் ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். இறக்கியதை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார். கால் பிரேக் மேல் காலைத் தயாராக வைத்துக்கொண்டார்.

விசில். பஸ் ஒரு தடவை முனகியது. அப்புறம் ஸ்டியரிங் அவர் உள்ளங்கைக்குள் லேசாகத் திரும்பியது. ஒரு மாதமாக அவர் கை ஏங்கிக் கிடந்தது அந்த அசைவுக்குத்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“வருது! வருதுடா கண்ணுங்களா, விடாதீங்க, வருது!” என்று அவர் போட்ட சத்தத்தில் விளையாட்டு டீச்சரே தோற்றுப்போனார்.

கோட்டைத் தாண்டி பஸ் நின்றபோது பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மனைவியின் கையிலிருந்த போன் அடித்தது. லாரி முதலாளி. அவள் போனைக் கணவனிடம் நீட்டினாள். முதல் தடவையாக அவள் முகத்திலும் கவலை.

“ஐயா, நான் வரலைங்க” என்றார் டிரைவர். “என் பஸ் ஓடப் போகுது.”

போனை அவர் திருப்பிக் கொடுத்ததும், “இன்னும் வாளியை எண்ணவே இல்லைங்களே” என்றாள் அவள், மெதுவாக. “பத்தலைன்னா?”

“எண்ணட்டும். பத்தலைன்னா அடுத்த வாரமும் இழுப்போம்.” அவர் கீழே இறங்கி அவள் கையிலிருந்த ஆறிப்போன டீயை வாங்கிக் குடித்தார். “நடக்கும்.”

பக்கத்தில் நின்ற வாண்டு ஒன்று வாயைப் பிளந்தது. “அண்ணா என்ன சொன்னாரு?”

சிரிப்பும் அழுகையுமாக அவரையே பார்த்த மனைவி, சட்டென்று பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏங்க, இப்போ ஹேண்ட்பிரேக் போட்டீங்களா?”